அலுவலகக் கேள்வி–பதில்: செய்த வேலை ஏன் கணக்கில் வருவதில்லை?

இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே புலம்பல் வேறு வேறு வார்த்தைகளில் வந்திருக்கிறது: 'உழைக்கிறேன், ஆனால் நகரவில்லை.' அதனால் பொதுவான அறிவுரைகளைத் தவிர்த்து, திங்கட்கிழமை காலையில் போய் என்ன செய்யலாம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

கேள்வி: ஆறு வருடமாக ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். என் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் 'நீங்கள் சாதித்தது என்ன?' என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன். தினசரி வேலையைத் தவிர சொல்ல என்ன இருக்கிறது?

பதில்: நிறையவே இருக்கும். எழுதி வைக்காததால் மறந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து யோசித்தால் பொறுப்புகள்தான் ஞாபகத்துக்கு வரும், விளைவுகள் வராது. 'மாதக் கணக்கு முடித்தேன், பில் சரிபார்த்தேன், தணிக்கைக்கு ஆவணம் எடுத்துக் கொடுத்தேன்' என்பது உங்கள் பதவியின் வர்ணனை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்வார்.

வாரத்தின் கடைசி வேலை நாளில் 15 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டு போதும், எக்செல் ஷீட்டும் சரி. ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: நிலைமை எப்படி இருந்தது, நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், அதனால் எந்த எண் மாறியது, இது யாருக்குத் தெரியும். நான்காவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பரிந்துரை சொல்ல ஓர் ஆள் தேவைப்படும்போதுதான் அதன் அருமை தெரியும்.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்றால்: 'சப்ளையர் பில்கள் மாதத்தின் கடைசி 3 நாளில் மொத்தமாகக் குவிகின்றன. 20ஆம் தேதிக்குள் வருபவற்றை அன்றன்றே பதிவுசெய்யலாம் என்று சொல்லி, அதற்குத் தனி டிரே வைத்தேன். மாதக் கணக்கு முடிக்க 9 வேலை நாள் ஆகிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து 6 நாள். கொள்முதல் பிரிவு மேனேஜருக்குத் தெரியும்.' நேர்முகத் தேர்வில் ஒன்றரை நிமிடம் பேச இது போதும். அடுத்து வரும் துணைக் கேள்விகளுக்கும் திணறமாட்டீர்கள், ஏனென்றால் நடந்ததைத்தான் சொல்கிறீர்கள்.

இதில் வழக்கமாகச் சொதப்பும் இடம் ஒன்று உண்டு. வேலையை மாற்றிய பிறகுதான் நோட்டைத் திறக்கிறோம். அதற்குள் 'முன்பு எவ்வளவு ஆனது' என்ற எண் போய்விடுகிறது. முன் எண் இல்லாமல் பின் எண்ணுக்கு மதிப்பில்லை. எதையாவது மாற்றப் போகிறீர்கள் என்றால், அதற்கு முந்தைய இரண்டு வாரம் பழைய முறையை அளந்து வையுங்கள். எண்ணே இல்லாத வேலை என்று நினைப்பவர்கள், எத்தனை முறை திரும்பி வந்தது, எத்தனை பேர் வந்து விளக்கம் கேட்டார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதை எண்ணலாம்.

கடந்த ஆறு வருடத்தை மீட்கவும் வழி இருக்கிறது. அனுப்பிய மெயில்கள், காலண்டர், பழைய அப்ரைசல் படிவங்கள் மூன்றையும் மூன்று மூன்று மாதமாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே கேள்வி: இந்த மூன்று மாதத்தில் முதல் முறையாக நடந்தது எது? நடந்துகொண்டிருந்து நின்றுபோனது எது? நின்றுபோன தொல்லைகளில்தான் சொல்லத் தக்க வேலை பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. வாடிக்கையாளர் பெயர், உள் விலை, நிறுவனத்தின் கோப்பு எதுவும் உங்கள் நோட்டுக்குள் வரக்கூடாது. நாள் கணக்கும் சதவீதமும் போதும். அலுவலகக் கோப்புகளைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவதைப் பல நிறுவனங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன.

கேள்வி: பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பழைய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது. உடனே மேனேஜரிடம் சொல்லி, சரியும் செய்தாயிற்று. விளக்கம் கேட்டார்; 'இனி கவனமாக இருக்கிறேன்' என்று எழுதிக் கொடுத்தேன். 'இது பதிலே இல்லை' என்கிறார். வேறு என்னதான் எழுதுவது?

பதில்: உங்கள் மேனேஜர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கவனம் என்பது வேலைச்சுமை கூடியதும் முதலில் காணாமல் போகிற பொருள். அதை நம்பி எந்தத் திட்டமும் போட முடியாது.

விமானத் துறை இதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற விமானம் சோதனை ஓட்டத்தில் மேலே ஏறியதும் விழுந்து நொறுங்கியது. ஓட்டியவர் கற்றுக்குட்டி இல்லை, தேர்ந்த சோதனை விமானி. தரையில் நிற்கும்போது காற்றடித்து வால் பகுதி ஆடாமல் இருக்கப் போட்டிருந்த பூட்டை எடுக்காமலே கிளம்பியிருந்தார்கள். அதற்குப் பிறகு விமானிகளிடம் 'கவனமாக இருங்கள்' என்று சொல்லி விட்டுவிடவில்லை. கிளம்பும் முன் பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலாக எழுதி, அதை வாசித்துச் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். அதே விமானம்தான் பின்னால் பி-17 என்ற பெயரில் 12,000க்கு மேல் தயாரிக்கப்பட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ பரப்பிய 'ஐந்து ஏன்' முறையை வைத்துப் பார்க்கலாம். பழைய பட்டியல் ஏன் போனது? மெயிலில் இணைத்தது பழைய கோப்பு. ஏன் அது கையில் வந்தது? கணினியில் 'விலை இறுதி', 'விலை இறுதி 2' என்று இரண்டு கோப்புகள் இருந்தன. ஏன் இரண்டு? ஒவ்வொருவரும் தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொள்கிறார். ஏன்? பொது ஃபோல்டரில் இருப்பது புதியதுதானா என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. ஏன் நம்பிக்கை இல்லை? அதைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை.

இங்கே வந்து நின்றதும் தீர்வு தானாகத் தெரிகிறது. ஆனால் 'ஏன்' கேட்கும்போது பலர் இரண்டாவது கேள்வியிலேயே 'என் அவசரம்', 'அவருடைய மறதி' என்று ஓர் ஆளின் குணத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். அப்படி முட்டினால் ஒரு படி பின்னால் வந்து, 'அதே அவசரத்திலும் இந்தத் தவறு நடக்காமல் இருக்க என்ன இருந்திருக்க வேண்டும்?' என்று கேளுங்கள். இன்னொன்று: ஒரே சங்கிலியோடு நிறுத்தாதீர்கள். தவறு ஏன் நடந்தது என்பது ஒரு சங்கிலி. அது தெரிய ஏன் ஒரு முழு நாள் ஆனது என்பது தனிச் சங்கிலி. இரண்டாவதைக் கேட்டிருந்தால், அனுப்பிய பட்டியலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் வெளியே வந்திருக்கும்.

எழுதிக் கொடுப்பது ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் நேர வரிசை: எத்தனை மணிக்கு என்ன நடந்தது. கருத்து வேண்டாம், நடந்தது மட்டும். அடுத்து பாதிப்பு. அடுத்து, எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு காரணங்கள். கடைசியில் மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் ஒரு தேதியும். பெயரும் தேதியும் இல்லாத மாற்றம் நடக்காது.

மாற்றங்களிலும் பலமானது, பலவீனமானது என்று உண்டு. தவறு நடக்கவே வழியில்லாமல் செய்வது எல்லாவற்றிலும் மேல்: பட்டியலை ஒரே இடத்தில் வைத்து, இணைப்பாக அனுப்பாமல் அந்த இடத்தின் லிங்க்கை மட்டும் அனுப்புவது. அது முடியாவிட்டால் தவறு கண்ணில் படும்படி செய்யலாம்: முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் 'இந்த விலை இன்ன தேதி வரை' என்று போடுவது. அதற்கடுத்து சரிபார்ப்புப் பட்டியல். பயிற்சி வகுப்பு அதற்கும் கீழே. 'கவனமாக இருக்கிறேன்' அடிமட்டம்.

சரிபார்ப்புப் பட்டியல் போடுவதானால் சிறிதாகப் போடுங்கள். மெயில் அனுப்புவதற்கு ஐந்து வரி போதும். இருபது வரி எழுதினால் படிக்காமலே டிக் அடிப்பார்கள். உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்காக 2008ல் வெளியிட்ட பட்டியலே மொத்தம் 19 அம்சங்கள்தான், அதையும் மூன்று கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 30 நாள் கழித்து, சொன்ன மாற்றங்கள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்து மேனேஜருக்கு இரண்டு வரி அனுப்புங்கள். யாரும் கேட்காமல் வரும் அந்த இரண்டு வரி, முதலில் கொடுத்த விளக்கத்தைவிட உங்கள் பெயருக்கு அதிக நன்மை செய்யும்.

கேள்வி: பதவி உயர்வு கேட்டேன். 'இன்னும் கொஞ்சம் முதிர்ச்சி வேண்டும்' என்றார் என் மேலதிகாரி. வயது 34. இதற்கு மேல் என்ன முதிர்ச்சி?

பதில்: கோபம் புரிகிறது. 'முதிர்ச்சி', 'பொறுப்புணர்வு', 'தலைமைப் பண்பு' எல்லாம் சொல்பவருக்கே தெளிவாகத் தெரியாதபோது வரும் சொற்கள். பெரும்பாலும் அவர் மனதில் ஒரே ஒரு சம்பவம் இருக்கும். அதைத் தோண்டி எடுப்பது உங்கள் வேலை.

'எனக்கு முதிர்ச்சி இல்லையா?' என்று கேட்டால் வாக்குவாதம்தான் மிஞ்சும். இரண்டு நாள் கழித்து, அமைதியான நேரம் பார்த்து இப்படிக் கேளுங்கள்: 'நீங்கள் சொன்னதை யோசித்தேன். கடந்த மூன்று மாதத்தில் எந்த இடத்தில் நான் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?' கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். உதாரணம் வரும். 'அன்றைக்கு மீட்டிங்கில் தேதி தள்ளிப்போகும் என்று வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்லிவிட்டாய்' என்பது போல ஏதோ ஒன்று. அப்போது 'அது ஏன் என்றால்...' என்று ஆரம்பிக்காதீர்கள். நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும் அன்று வேண்டாம். விளக்கம் சொன்னால் அடுத்த உதாரணம் வாயிலிருந்து வராது. எழுதிக்கொண்டு, 'அந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் அவர் அகராதியில் முதிர்ச்சி.

ஆறு வாரம் கழித்து அதே ஒரு விஷயத்தை மட்டும் குறிப்பிட்டு, மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்டும் ஓர் உதாரணம்கூட வரவில்லை என்றால், காரணம் உங்களிடம் இல்லை. அங்கே காலியிடம் இல்லை, அல்லது அந்த இடம் வேறொருவருக்கு மனதில் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதுவும் பயனுள்ள தகவல்தான்.

கேள்வி: ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் எப்போதும் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். கூடுதலாகச் சொன்னால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று பயம்.

பதில்: பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனித மூளையே இதில் கொஞ்சம் ஏமாறக்கூடியது. 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது சுமார் 34 நாள். ஆனது 55 நாளுக்கு மேல். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்குச் சொன்னதே 49 நாளுக்குள்தான்.

எனவே கற்பனையை நம்பாமல் பழைய கணக்கை நம்புங்கள். இதே மாதிரி வேலை கடைசி மூன்று முறை எத்தனை நாள் எடுத்தது? அதன் சராசரிதான் உங்கள் தொடக்க எண். முற்றிலும் புதிய வேலை என்றால், 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான ஒரு சூத்திரம் கைகொடுக்கும். எல்லாம் நன்றாகப் போனால் 3 நாள், வழக்கமாகப் போனால் 5 நாள், இடறினால் 13 நாள் என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும்: 3 + 20 + 13 = 36; ஆறால் வகுத்தால் 6. '6 நாள், இன்னாருடைய ஒப்புதல் தாமதமானால் கூடும்' என்று சொல்லுங்கள். நிபந்தனையோடு சொன்ன தேதியை யாரும் சோம்பேறித்தனம் என்பதில்லை. சொன்ன தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் பாதி வழியிலேயே சொல்லிவிட வேண்டும். கடைசி நாள் மாலை சொல்வதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

கேள்வி: பிரிவிலேயே நன்றாக வேலை செய்கிறவள் என்று என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். நான்கு மாதம் ஆகிறது. ஐந்து பேர் என் கீழே. இரவு வரை நானே எல்லாவற்றையும் திருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய வேலையே நிம்மதியாக இருந்தது என்று தோன்றுகிறது.

பதில்: வேலையில் கெட்டிக்காரரை மேலாளர் ஆக்குவது உலகம் முழுக்க நடக்கும் பழக்கம். விற்பனைப் பணியாளர்களை வைத்து 2019ல் வெளியான ஓர் ஆய்வு, அதிகம் விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு கிடைக்கிறது, ஆனால் அவர்களின் கீழ் வந்த குழுவின் செயல்பாடு ஒப்பீட்டில் குறைந்தது என்று காட்டியது. ஆகவே இது உங்கள் தனிப்பட்ட தோல்வி இல்லை. தேர்வு ஒரு பாடத்தில், வேலை இன்னொரு பாடத்தில்.

முதலில், திருத்துவதை நிறுத்துங்கள். ஒருவர் தரும் அறிக்கையில் ஏழு பிழை இருந்தால் ஏழையும் நீங்கள் திருத்தி மேலே அனுப்பினால், அவருக்கு அது ஏழு பிழையோடு போன அறிக்கை என்றே தெரியாது. அடுத்த மாதமும் அதே ஏழு வரும். முதல் இரண்டு பிழையை மட்டும் குறித்து, 'இதே மாதிரி இன்னும் ஐந்து இருக்கிறது, கண்டுபிடித்துக் கொண்டுவாருங்கள்' என்று திருப்பிக் கொடுங்கள். முதல் மாதம் நேரம் அதிகமாகவே ஆகும். உங்களுக்கு ஒரு மணி நேர வேலை அவருக்கு மூன்று மணி நேரம் எடுக்கும். அந்தக் கூடுதல் நேரத்தைத் திட்டத்திலேயே போட்டு வையுங்கள். போடாததால்தான் கடைசி நேரத்தில் 'கொடுங்க, நானே பண்ணிடறேன்' என்று பிடுங்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, ஒப்படைப்பதில் படிகள் இருக்கின்றன. 'பார்த்துட்டு வந்து சொல்லுங்க' முதல் படி. 'என்ன செய்யலாம்னு யோசனையோட வாங்க' இரண்டாவது. 'செஞ்சுட்டுச் சொல்லுங்க' மூன்றாவது. 'எனக்குச் சொல்லவே வேண்டாம்' நான்காவது. ஐந்து பேரின் பெயரையும், அவர்கள் செய்யும் முக்கிய வேலைகளையும் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இப்போது எந்தப் படி என்று எழுதுங்கள். அதே ஆள் ஒரு வேலையில் நான்காம் படியிலும் இன்னொன்றில் முதல் படியிலும் இருப்பார். படியை வாய்விட்டுச் சொல்வது அவசியம். நீங்கள் இரண்டாம் படி என்று நினைத்துக் கொடுத்ததை அவர் மூன்றாம் படி என்று எடுத்துக்கொண்டால், உங்களுக்கு அவர் தலைக்கனம் பிடித்தவர், அவருக்கு நீங்கள் நம்பிக்கை இல்லாதவர். பாதிச் சண்டைகள் இங்கேதான் பிறக்கின்றன.

வேலையைக் கொடுக்கும்போது நான்கு வாக்கியம்: முடிவில் என்ன கையில் வர வேண்டும், எப்போது, எதைத் தொடக்கூடாது, நடுவில் எந்தக் கட்டத்தில் காட்ட வேண்டும். நடுக்கட்டம் 20 அல்லது 30 சதவீத வேலையில் இருக்கட்டும். 80 சதவீதத்தில் பார்த்து 'இது இல்லை' என்றால் ஆளே உடைந்துபோவார்.

வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் தனியாக 30 நிமிடம் பேசுங்கள். முதல் 10 நிமிடம் அவர்கள் சொல்வது மட்டும். வேலை எங்கே நிற்கிறது என்று கேட்டு வாங்குவதற்கான நேரம் இல்லை அது, அதற்கு மெயில் போதும். வேலை அதிகம் என்று இந்தச் சந்திப்பை இரண்டு வாரம் தொடர்ந்து ரத்து செய்தால் மூன்றாவது வாரம் யாரும் எதையும் திறந்து சொல்லமாட்டார்கள். நேற்று வரை கூட உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் இப்போது கீழே வந்திருந்தால், 'நமக்குள்ள எது மாறும், எது மாறாது' என்பதையும் ஒரு முறை நேராகப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் ஒவ்வொரு விடுமுறைக் கடிதமும் நட்புக்கு வைத்த பரீட்சையாகிவிடும்.

இவ்வளவும் செய்து ஒரு வருடம் பார்த்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், ஆட்களை மேய்க்காமல் துறை நிபுணராகவே உயரும் பாதை உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேட்பதில் எந்தக் கேவலமும் இல்லை.

கேள்வி: சேர்ந்து ஐந்து வாரம். சீனியரிடம் சந்தேகம் கேட்டால் எரிச்சல் படுகிறார். கேட்காமல் இருந்தால் தப்பாகிறது.

பதில்: 20 நிமிடம் நீங்களே முட்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கேட்கும்போது 'இது வரலை சார்' என்று போய் நிற்காமல், 'இதைச் செய்ய நினைத்தேன், இது வரை முயன்றேன், இங்கே நிற்கிறது, இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்' என்று நான்கும் சொல்லுங்கள். அவசரமில்லாதவற்றைச் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் கேளுங்கள். கிடைத்த பதிலை அன்றே எழுதி வையுங்கள். சீனியர்களுக்குப் புதுக் கேள்வியில் எரிச்சல் வருவது குறைவு, ஒரே கேள்வி மூன்றாம் முறை வரும்போதுதான் வருகிறது. அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அடுத்து சேருபவருக்குக் கொடுத்தால், எரிச்சல்பட்ட அதே சீனியர் உங்களைத் தேடி வருவார்.

கேள்வி: ஆன்லைனில் ஏழு சான்றிதழ் முடித்துவிட்டேன். எட்டாவதாக எதைச் சேரலாம்?

பதில்: எதையும் சேராதீர்கள். ஏழில் எதை அலுவலகத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கற்றதை இரண்டு வாரத்துக்குள் ஓர் உண்மையான வேலையில் போட்டுப் பார்க்காவிட்டால் பெரும்பகுதி மறந்துபோகும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து 1885லேயே எழுதிவிட்டார். அடுத்த வகுப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் பயன்படுத்தப்போகும் வேலையையும், உங்கள் முயற்சியைப் பார்த்துத் தப்பு சொல்லப்போகும் ஆளையும் முடிவு செய்யுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கும் நல்லதுதான், ரெஸ்யூமேயில் எட்டாவது வரியாக அது எடுபடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: சம்பள உயர்வை எப்படிக் கேட்பது? அப்ரைசல் கூட்டத்தில் கேட்டால் 'பட்ஜெட் முடிந்துவிட்டது' என்கிறார்கள்.

பதில்: உண்மையைத்தான் சொல்கிறார்கள். பல இடங்களில் அப்ரைசல் கூட்டம் முடிவை அறிவிக்கும் இடம். பணம் அதற்கு முன்பே பிரிந்துவிடும். இரண்டு, மூன்று மாதம் முன்னதாக, உங்கள் மேனேஜர் மேலே பட்டியல் அனுப்பும் காலத்தில் பேசுங்கள். எப்போது அனுப்புகிறார் என்று அவரிடமே கேட்கலாம்.

கையில் ஒரு பக்கம் இருக்கட்டும். முதல் கேள்விக்குச் சொன்ன நோட்டிலிருந்து மூன்று பதிவுகள், உங்கள் பதவிக்கு வெளியே செய்துகொண்டிருக்கும் இரண்டு வேலைகள், இதே வேலைக்கு வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்ற ஒரு வரி. அந்தப் பக்கம் உங்களுக்காக இல்லை. மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு தன் மேலதிகாரியிடம் உங்களுக்காக வாதாட வேண்டும். அவர் அப்படியே எடுத்து நீட்டும்படி எழுதுங்கள்.

ஒரே ஓர் எண் சொல்லுங்கள். 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்றால் கேட்பவர் காதில் கீழ் எண் மட்டும்தான் விழும். சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து விநாடி மௌனம் தாங்காமல் 'கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை' என்று தாங்களே இறங்கி வருபவர்கள் ஏராளம். வீட்டுக் கடனையும் பக்கத்து மேஜைக்காரரின் சம்பளத்தையும் இழுக்காதீர்கள். இரண்டும் உங்கள் வேலையின் மதிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. வேறு இடத்து ஆஃபர் லெட்டரைக் காட்டுவது, 'சரி, போய் வாருங்கள்' என்றால் உண்மையிலேயே போகத் தயாராக இருப்பவர்கள் மட்டும் செய்ய வேண்டிய காரியம்.

'இப்போது முடியாது' என்றால் மூன்று கேள்வி: என்ன நடந்தால் முடியும், எப்போது மறுபடி பேசலாம், முடிவெடுப்பது யார்? அன்று மாலையே, 'இன்று பேசியது இது' என்று நான்கு வரி மெயில் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை பேச்சு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காது.

கேள்வி: வேறு வேலை கிடைத்துவிட்டது, ராஜினாமா கொடுத்துவிட்டேன். என் இடத்துக்கு வருபவரிடம் எதை, எப்படி ஒப்படைப்பது? நல்ல பெயரோடு போக வேண்டும்.

பதில்: நோட்டீஸ் காலம் எவ்வளவாக இருந்தாலும் மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் எழுதுங்கள். இரண்டாவது பகுதியில் புதியவர் வேலையைச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாவது பகுதியில் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். கேட்டால் மட்டும் பதில். கடைசி நாள் வரை நீங்களே வேலையைச் செய்து, கடைசி மணி நேரத்தில் கோப்பை நீட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு.

எழுத வேண்டியவற்றில் தினசரி வேலையை யாரும் விடுவதில்லை. விட்டுப்போவது வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை: உரிமம் புதுப்பித்தல், ஆண்டுக் கணக்கு, ஒப்பந்தம் முடியும் தேதி. பன்னிரண்டு மாதக் காலண்டரை எதிரே வைத்துக்கொண்டு மாதம் மாதமாக யோசித்தால் விடுபடாது. அடுத்து, பாதியில் நிற்கும் வேலைகள்; ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடி என்ன, யார் பதில் சொல்ல வேண்டும், எந்தத் தேதிக்குள். அடுத்து ஆட்கள்: எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும், யாருக்கு மெயிலைவிட ஃபோன் உகந்தது. பிறகு, வெளியே இருந்து பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும் வழக்கங்களுக்கான காரணம். 'இந்த அறிக்கையை வியாழக்கிழமை அனுப்புவது ஏன் என்றால் வெள்ளிக்கிழமை காலை அவர்களுக்குக் கூட்டம்' என்பது எழுதப்படாவிட்டால், புதியவர் முதல் வேலையாக அதைத்தான் 'சீர்திருத்துவார்'.

கடவுச்சொற்களை அந்த ஆவணத்தில் எழுதாதீர்கள். அனுமதிகளைப் புதியவர் பெயருக்கு மாற்றச் சொல்லி ஐடி பிரிவுக்கு முதல் வாரமே கோரிக்கை போடுங்கள், அது வர நாளாகும்.

ஆவணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, புதியவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாத முடிவு வேலையையோ வாராந்திர அறிக்கையையோ முடிப்பது. அவர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஆவணத்தில் உள்ள ஓட்டை. வாயால் பதில் சொல்லிவிட்டு நகராமல் அந்த இடத்திலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். பரிந்துரைக்குச் சம்மதிக்கும் இருவரிடம் நீங்கள் அங்கே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள், அலுவலகத்துக்கு வெளியே அவர்களைத் தொடர்புகொள்ளும் வழியோடு. கிளம்பிய பின் எத்தனை நாள், எந்த நேரத்தில் ஃபோனில் கிடைப்பீர்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம், மாலை 7 மணிக்கு மேல் என்றால், புது வேலையின் முதல் வாரத்தில் கூட்டத்துக்கு நடுவே பழைய அலுவலகத்து ஃபோன் அடிக்காது.